வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிய ஆயிரம் மணி நேரம்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கொரோனா சமயத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் ஆட ஆரம்பித்தவள் இன்னும் விடவில்லை. செஸ்னா விமானம் மட்டும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறாளாம். பைலட் படிப்புக்கு அனுப்பினால் தனக்குப் பாதிப் பயிற்சி மிச்சம் என்கிறாள். பெரிய கம்பெனி பைலட்டுகளே சிமுலேட்டரில்தான் கற்கிறார்கள், அமெரிக்காவில் பயணி ஒருவரே விமானத்தை இறக்கினார் என்றெல்லாம் வாதாடுகிறாள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு மனை இருக்கிறது, அதை விற்கலாமா என்று யோசிக்கிறேன். இந்த விளையாட்டு நிஜ விமானம் ஓட்ட உதவுமா, இல்லை கெடுக்குமா?
- ஒரு தகப்பன், சேலம்

பதில் (விமானப் பயிற்சியாளர்):

அன்புள்ள ஐயா,

மனை விஷயம் இருப்பதால் கணக்கை முதலில் பேசிவிடுகிறேன். பாப்பா வீட்டில் ஓட்டிய ஆயிரம் மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட லாக்புக்கில், அதாவது பைலட்டின் பறந்த நேரக் கணக்குப் புத்தகத்தில், ஏறாது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டிய கமர்ஷியல் பைலட் லைசென்சுக்கு, டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்பது 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் பொறுப்பு முழுக்க அவள் கையில் இருந்திருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி 10 மணி நேரம். அதில் 5 மணி நேரம் வரை சிமுலேட்டரில் செய்யலாம், ஆனால் அது டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த கருவியாக, பயிற்சிப் பள்ளிக்குள் இருப்பதாக இருக்க வேண்டும். படுக்கையறை மேசையில் இருப்பது இந்தக் கணக்கிலேயே வராது. ஆகவே பாதிப் பயிற்சியும் மிச்சமில்லை, பாதிப் பணமும் மிச்சமில்லை. 200 மணி நேரத்துக்கும் பெட்ரோல், விமான வாடகை, இன்ஸ்ட்ரக்டர் சம்பளம் எல்லாம் முழுசாகத்தான் கட்ட வேண்டும்.

சரி, கணக்கில் ஏறாவிட்டாலும் கைக்கு உதவுமா என்பதுதான் உங்கள் நிஜமான கேள்வி. உதவும். ஆனால் பாப்பா நினைக்கிற இடத்தில் இல்லை.

சிமுலேட்டர் ஆடிய பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போது முதல் நாளே தெரிந்துவிடும். டேஷ்போர்டில் எந்தக் கருவி எங்கே என்று காட்ட வேண்டியதில்லை. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் படிப்பார்கள். வேகம் ரொம்பக் குறைந்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும், மூக்கைக் கீழே இறக்க வேண்டும் என்பது தெரியும். ரன்வேயைச் சுற்றிச் செவ்வகமாக ஓட்டும் சர்க்யூட்டில் எந்தப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மனப்பாடம். முள் கருவிகளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் திரைகள் வைத்த புது விமானமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பொத்தான்களையும் மெனுக்களையும் தேடி மற்றவர்கள் தடுமாறும்போது இவர்கள் விரல் தானாகப் போகும். இதெல்லாம் லேசான விஷயமில்லை. பறந்துகொண்டிருக்கும் விமானம் பாடம் நடத்த மோசமான வகுப்பறை. சத்தம், வெயில், ரேடியோவில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கே போய்ப் பொத்தான் பேர் சொல்லிக் கொடுப்பது பணத்தைக் காற்றில் விடுவது.

ஆனால் இந்தப் பலன் ஆயிரம் மணி நேரத்துக்கு ஆயிரம் மடங்காக ஏறுவதில்லை. 1970களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். மாணவர்களைப் பிரித்து, தரையில் இருக்கும் பயிற்சிக் கருவியில் ஆளுக்கு வெவ்வேறு மணி நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம் நிஜ விமானத்தில் எவ்வளவு நேரத்தில் தேறுகிறார்கள் என்று பார்த்தார்கள். கருவியில் செலவழித்த முதல் சில மணி நேரம்தான் வானத்தில் நல்ல மிச்சம் கொடுத்தது. அதற்கு மேல் கூட்டக் கூட்டப் பலன் சுருங்கிக்கொண்டே வந்தது. அதுவும் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து செய்தது. உங்கள் மகளுக்குக் கிடைக்க வேண்டிய லாபம் முதல் ஐம்பது மணி நேரத்திலேயே கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. மீதி அவள் ஆசைக்கு ஆடியது. ஆசைக்கு ஆடுவதில் தப்பில்லை, அதைப் பயிற்சி என்று எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கெடுதல் பக்கம் வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கெடுதல் கண். பதினைந்து, இருபது அங்குலத் திரையில் வெளியே பார்க்க எதுவும் கிடையாது, அதனால் ஆடுபவர்கள் கருவிகளையே பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். நிஜத்தில் நல்ல வானிலையில் பறக்கும்போது பத்தில் ஒன்பது பங்கு நேரம் கண் வெளியேதான் இருக்க வேண்டும். மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, வேறு விமானம் வருகிறதா, பருந்து வட்டமிடுகிறதா என்று பார்க்க வேண்டும். சிமுலேட்டர் பிள்ளை நூறு அடி ஏறிவிட்டது, எண்பது அடி இறங்கிவிட்டது என்று முள்ளைத் துரத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் செய்கிற வைத்தியம் எளிது: ஒரு காகிதத்தை எடுத்துக் கருவிகளை மூடிவிடுவோம். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! இன்ஜின் சத்தத்தையும் அடிவானத்தையும் மட்டும் வைத்து ஓட்டு என்றால் முதல் இரண்டு நாள் பரிதாபம்தான். விளையாட்டே ஆடாத பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

இரண்டாவது, கை. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. விமானம் எவ்வளவு வேகத்தில் போனாலும் அது ஒரே மாதிரிதான் எதிர்க்கும். செஸ்னா 172இல் அப்படியில்லை. வேகமாகப் போகும்போது யோக் என்கிற கைப்பிடி கெட்டியாக இருக்கும், வேகம் குறையக் குறையத் தொளதொளவென்று ஆகும். ஸ்டாலை நெருங்குகிறோம் என்று முள் சொல்வதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். டிரிம் சக்கரம் இருப்பதே கையில் விழும் பாரத்தை எடுப்பதற்குத்தான். பாரம் என்ற ஒன்றையே உணராத கைக்கு டிரிம் எதற்கென்று எப்படித் தெரியும்? உங்கள் பட்டறையில் கண்ணி பற்றவைக்கிறவருக்குச் சூடு போதுமா என்பது நெருப்பின் முன்னால் உட்கார்ந்துதானே பிடிபட்டிருக்கும், இதுவும் அப்படித்தான்.

மூன்றாவது, கால். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. செஸ்னாவை ரன்வேயில் நிறுத்தி, இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். விசிறி சுழலும் திசை, அது பின்னால் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் வாலில் மோதுவது, எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. வால் பக்கத் துடுப்பான ரட்டரைத் திருப்பும் பெடலை வலது கால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஏறும்போதும் அழுத்த வேண்டும். வீட்டு விளையாட்டில் தானாக ரட்டர் போடும் வசதியை ஆன் செய்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கை முறுக்கிச் சமாளிப்பார்கள். ஆயிரம் மணி நேரம் ஓட்டிய பிள்ளையின் வலது கால் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும், விமானம் கோணலாக ஓடும். பாப்பாவிடம் ரட்டர் பெடல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், அடுத்து வாங்குகிற பொருள் பெரிய திரையோ கிராஃபிக்ஸ் கார்டோ அல்ல, பெடல்தான்.

அப்புறம் இறக்கம். ரன்வேக்குப் பத்து இருபது அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்கி, சக்கரம் தொடும் வரை விமானத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். தரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை நேரே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்வை ரன்வேயின் கடைசியில் இருக்க, கண்ணின் இரு ஓரங்களிலும் தரை விரிந்து மேலே வருகிற மாதிரி தெரியும், அதை வைத்துத்தான் கணிக்கிறோம். தட்டைத் திரையில் அந்த ஓரங்களே கிடையாது. அதனால் சிமுலேட்டரில் பிசகாமல் இறக்குபவர்கள் நிஜத்தில் ஒன்று, முன்னாலேயே தூக்கி மேலேயிருந்து பொத்தென்று போடுவார்கள், இல்லை தூக்காமலே முன் சக்கரத்தில் இடிக்கப் போவார்கள். தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடி கொஞ்சம் தேவலை, ஆனாலும் போதாது.

விளையாட்டில் யாருமே செய்யாத ஒரு வேலையையும் சொல்கிறேன். காலையில் விமானத்தைச் சுற்றி வரும்போது இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். கண்ணாடி மாதிரியான ஒரு குழாயை அதில் அழுத்தி எரிபொருளைக் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இந்த விமானங்களுக்குப் போடும் ஏவ்கேஸ் வெளிர் நீல நிறம். ராத்திரி ஈரத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால் குழாயின் அடியில் நிறமில்லாத குமிழாக உட்கார்ந்திருக்கும், நீலம் அதற்கு மேலே நிற்கும். தண்ணீர் போகும் வரை பிடித்துப் பிடித்துக் கொட்ட வேண்டும். பார்க்காமல் போனால், ஏறிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் இருமும். மவுஸைக் கிளிக் செய்து இன்ஜின் போடுகிற பிள்ளைக்கு இந்த ஐந்து நிமிட வேலை பெரிய சலிப்பு. நல்ல பைலட் ஆவாளா என்று நான் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காமலாபுரம் விமான நிலையம் கடல் மட்டத்துக்குச் சுமார் ஆயிரம் அடி மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 13 டிகிரி. சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது காற்று மெலிந்துவிடும். விமானத்தைப் பொறுத்தவரை அது நாலாயிரம் அடி உயரத்தில் நிற்கிற மாதிரி. நின்றுகொண்டிருப்பது ஓமலூர் பக்கம், இன்ஜினுக்கும் இறக்கைக்கும் ஏற்காட்டை எட்டப் பார்க்கிற உயரம். ரன்வேயில் ஓட வேண்டிய தூரம் நீளும், ஏற்றம் மந்தமாகும். விளையாட்டிலும் வெப்பத்தை ஏற்றி வைக்க முடியும். யார் ஏற்றுகிறார்கள்? எல்லோரும் தெளிந்த வானம், இதமான காற்று என்று வைத்துக்கொண்டு ஏற்காடு ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சேர்வராயன் மலையும் அப்படித்தான். திரையில் அழகாக இருக்கும். நிஜத்தில் காற்று மலையைத் தாண்டி இறங்குகிற பக்கம் சின்ன விமானத்தைக் கீழே அமுக்கும். வெயில் ஏறிய பிறகு மலையடிவாரத்தில் வெப்பக் காற்று தூக்கித் தூக்கிப் போடும், வயிற்றைப் பிரட்டும். வீட்டில் சோளப்பொரி தின்றுகொண்டே ஓட்டியவர்கள் வாந்திப் பையைத் தேடுவது சகஜம். பெரும்பாலானோருக்குச் சில நாளில் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மலையோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் பாப்பா நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் சிமுலேட்டர் கொடுக்கிற தன்னம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடிய இடம் இதுதான். மேகத்துக்குள் போனதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும். விமானம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். 1954இல் அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம் கூட இல்லை. உங்கள் மகளுக்குக் கருவிகளைப் படிக்கத் தெரியும், அது அவளுக்குச் சாதகம்தான். ஆனால் உடம்பு ஒன்று சொல்ல, கருவி வேறொன்று சொல்ல, உடம்பை மீறிக் கருவியை நம்புகிற சண்டையை அவள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. சுழலாத நாற்காலியில் அந்தச் சண்டையே வராது.

அவள் வாதங்களுக்கு வருகிறேன். ஏர்லைன் பைலட்டுகள் சிமுலேட்டரில் கற்பது உண்மை. புது ரக விமானத்துக்கு மாறும் பைலட் பெரும்பாலான பயிற்சியை அங்கேதான் முடிக்கிறார், வருஷாவருஷம் சோதனையும் அங்கேதான். ஆனால் அந்தப் பெட்டி கால்களில் நின்று ஆடும், சாயும். குறிப்பிட்ட விமானத்தைப் பறக்கவிட்டு எடுத்த அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து அங்கீகாரம் கொடுத்திருப்பார்கள். உள்ளே உட்காருபவர் ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியவர். முக்கியமாக, முதுகுக்குப் பின்னால் ஒரு இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து இன்ஜினை அணைத்து, தீயை மூட்டி, தப்பை எழுதிக்கொண்டிருப்பார். வீட்டில் பாப்பாவின் தப்பை யார் எழுதினார்கள்? ஒரே தப்பை ஆயிரம் மணி நேரம் செய்தால் அது பழக்கமாக இறுகிவிடும், அப்புறம் அதைக் கழற்றத் தனியாகச் செலவழிக்க வேண்டும்.

அமெரிக்கக் கதையும் உண்மைதான். 2022 மே மாதம் ஃப்ளோரிடாவில் செஸ்னா கேரவன் விமானத்தின் பைலட் மயங்கிவிட, ஓட்டத் தெரியாத பயணி ஒருவர் அதை இறக்கினார். ரேடியோவில் வழிகாட்டிய கட்டுப்பாட்டு அதிகாரி தாமே விமானப் பயிற்சியாளர். அந்த விமானத்தின் காக்பிட் படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார், பயணி பதறாமல் கேட்டார். பெரிய விமான நிலையம், நீளமான ரன்வே. உயிர் தப்பியதைப் பார்த்து நானும் கைதட்டினேன். ஆனால் அந்தப் பயணியிடம் மறுநாள் இன்னொரு விமானத்தைக் கொடுத்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போ என்று யாரும் சொல்லவில்லையே.

விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆடுகிற விதத்தை மாற்றச் சொல்லுங்கள். ஏர்பஸ் மாதிரி பெரிய விமானமும் ஓட்டுகிறாள் என்றால் அதை ஆறு மாதம் மூட்டை கட்டிவிட்டுச் செஸ்னாவையே எடுக்கட்டும். உதவி வசதிகளையெல்லாம் அணைத்து, வெப்பத்தை 38இல் வைத்து, செக்லிஸ்ட்டைக் காகிதத்தில் அச்செடுத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டு ஓட்டட்டும். ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பட்டனைத் தொடக்கூடாது. வாட்சிம் மாதிரி நெட்வொர்க்கில் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டு அதிகாரியாக உட்கார்ந்து நிஜமாகவே ரேடியோவில் பேசுவார்கள், அதில் தினமும் அரை மணி நேரம் பேசினால் பிற்பாடு ஆர்.டி.ஆர். என்கிற ரேடியோ தேர்வில் நாக்கு குழறாது. இதுதான் நான் பார்த்தவரையில் வீட்டு சிமுலேட்டரின் மிகப் பெரிய லாபம், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பள்ளியில் சேர்ந்த பிறகு, மறுநாள் பாடத்தை முந்தைய இரவு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். இறக்கத்தை மட்டும் முதல் சில வாரம் வீட்டில் பழக வேண்டாம். நிஜத்தில் கண்ணுக்குப் பிடிபட ஆரம்பிப்பதைத் திரை கலைத்துவிடும்.

மனையை இப்போது விற்காதீர்கள். முதலில் மருத்துவப் பரிசோதனை. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் டூ என்கிற முதல்கட்ட மருத்துவச் சான்று எடுத்துவிட்டு, பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, கமர்ஷியல் லைசென்சுக்கு வேண்டிய கிளாஸ் ஒன்றுக்கும் போய்விடுங்கள். அது நம்ம பக்கத்தில் பெங்களூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசினிலேயே நடக்கிறது. கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல். அடுத்து, ஏதாவது ஒரு பள்ளியில் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு மணி நேரம், மத்தியான வெயிலில், பறக்கவையுங்கள். இறங்கி வந்த பிறகும் அவளுக்கு அதே ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். டி.ஜி.சி.ஏ. 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். நேரில் போய், இன்று பறக்கிற நிலையில் எத்தனை விமானம் நிற்கிறது, போன பேட்ச் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். விமான நிலைய ஆணையம் 2022இல் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கிய ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் உள்ளூரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். லைசென்ஸ் வாங்க அரைக் கோடியாவது ஆகும், அதற்கு மேல் ஏர்லைனின் குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்ட வாங்கும் டைப் ரேட்டிங் தனிச் செலவு. வேலை உடனே கிடைக்கும் என்று யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவரை நம்ப வேண்டாம்.

இந்தப் பரிசோதனைகள் நடக்கும்போதே காகித வேலையை ஆரம்பித்துவிடுங்கள். தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பர் வேண்டும், அதற்கு ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள், இயற்பியலும் கணிதமும் அதில் இருக்க வேண்டும். அவள் குரூப்பில் இரண்டும் இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து என்று இருந்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் திரும்பி வரும். மூன்றையும் இன்றைக்கே மேசையில் விரித்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றை மாற்றுங்கள்.